ஓவனை மூடிய சீலை

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. பழுதைக் கண்டுபிடிக்கும் முன்பே அதற்குக் காரணம் சொல்லிவிடுவேன். வீட்டுக்காரர் சுற்றி நின்று "என்ன தம்பி, என்னவாம்?" என்று கேட்கும்போது, "இன்னும் தெரியாது" என்ற இரண்டு சொல் என் வாயில் வருவதில்லை. குருநகரில் கடை வைத்துப் பதினாறு வருடம். வாசிங் மெசின், பிறிட்ஜ், வெளிநாட்டுச் சொந்தங்கள் பெட்டி கட்டி அனுப்பும் ஓவன் என்று எல்லாம் பார்ப்பேன். லெனாட் கை வைத்தால் சரிவரும் என்று தெல்லிப்பழை வரைக்கும் பேர். பேர் வந்தவனுக்கு நாக்கு நீளும். அந்த நாக்கால் ஒரு மனுசியை அவர் பிறந்து வளர்ந்த வீட்டைவிட்டே கிளப்பினேன்.

தெல்லிப்பழையில் சிவகௌரி அக்கா கேக் அடித்துக் கொடுப்பவர். பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம், எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் வருவார்கள். பிரான்சில் இருக்கும் தமையன் அனுப்பிய ஓவன்தான் அவருடைய தொழிலுக்கு முதல். தொட்டால் வேலை செய்யும் கண்ணாடி முகப்பும் எழுத்து ஓடும் திரையுமாகக் குசினியில் அது மாப்பிள்ளை மாதிரி நிற்கும். மா அரிப்பதும் முட்டை அடிப்பதும் தட்டுக்கு எண்ணெய்த்தாள் வெட்டுவதும் அருந்ததி அக்கா. அவர் சிவகௌரியின் கணவர் சுபாஸ்கரனின் தமக்கை, கலியாணம் கட்டாதவர், ஐம்பதைத் தாண்டியவர். பூ வைத்து அலங்கரிப்பது சிவகௌரி. கேக் பெட்டியில் இருப்பது சிவகௌரியின் பேர் மட்டும். அதுபற்றி அருந்ததி அக்கா ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

தை மாதத்தில் அந்த ஓவனின் காற்றாடி கரகரவென்று சத்தம் போடுகிறதென்று கூப்பிட்டார்கள். பின்தகட்டைக் கழற்றிப் புது மோட்டர் போட்டேன். திரும்பப் பூட்டும்போது ஒரு ஸ்குரூ உருண்டு அலுமாரிக்குக் கீழே போய்விட்டது. குனிந்து தேடப் பஞ்சிப்பட்டு, என் பேணிக்குள் கிடந்த கறுப்பு ஸ்குரூ ஒன்றைப் போட்டு இறுக்கினேன். அதற்கு மூன்றாம் நாள் சுபாஸ்கரனின் தாயார் நல்லம்மா செத்துப்போனார்.

செத்தவீட்டுத் துடக்கு உள்ள வீட்டில் யார் கேக் வாங்குவார்கள்? முப்பத்தொரு நாளும் ஓவன் சும்மா கிடந்தது. முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடித்தார்கள். அன்று காலையில் அருந்ததி அக்கா சருவச்சட்டியில் மஞ்சள் தண்ணி கரைத்து, துடக்குக் கழிய மாவிலையால் வீடு முழுக்கத் தெளித்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து மூன்று தட்டுச் சாமத்தியவீட்டுக் கேக் ஒன்றுக்கு முதல் தட்டை உள்ளே வைத்தார்கள். இருபத்தைந்து நிமிடத்தில் ஓவன் கீச்சென்று கத்தியது. திரையில் E3 என்று வந்தது. சூடு நின்றுபோய்க் கேக் நடுவில் குழி விழுந்துவிட்டது.

நான் போன நேரம் மத்தியானம். சுன்னாகத்தில் ஒரு சாப்பாட்டுக்கடையின் பிறீசர் வேலைசெய்யாமல், உள்ளே கிடந்த இறைச்சியை நினைத்து அதன் முதலாளி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எனக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தார். E3 என்றால் உள்ளே சூட்டை அளக்கும் சென்சரில் கோளாறு என்று அர்த்தம். சென்சரின் இரண்டு வயரிலும் மீற்றரை வைத்தேன். ஆயிரத்து நூறு ஓமை ஒட்டிக் காட்டியது. ஆறிக் கிடக்கிற ஓவனுக்கு அது சரியான கணக்கு. ஆனால் பழுது வந்தது சூட்டில் அல்லவா? சூடாக்கி இன்னொருமுறை மீற்றர் வைத்திருக்க வேண்டும். வயர் எங்காவது தகட்டில் முட்டுகிறதா என்று பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். வேலை பழகுகிறவனுக்கு முதல் மாதமே சொல்லிக் கொடுக்கிற விசயம் இது. அதற்கு அரை மணித்தியாலம் போகும். நான் போன் அடிக்கிற இறைச்சிக்காரனை நினைத்தேன்.

சென்சர் சரியென்றால் ஓவனின் மூளையான கொன்றோல் போட்தான் பழுது என்று முடிவுகட்டி, முன்பக்கத்தைக் கழற்றிப் போட்டை வெளியே எடுத்தேன். அதன் ஒரு மூலையில் மஞ்சளாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது.

"உதுக்குள்ளை தண்ணி கிண்ணி பட்டதே அக்கா? மஞ்சளாக் கிடக்கு."

சிவகௌரி அக்கா நெஞ்சில் கை வைத்தார். "ஐயோ தம்பி, அந்தியேட்டியண்டு வீடெல்லாம் மஞ்சள் தண்ணி தெளிச்சது!"

"ஆர் தெளிச்சது?"

பழுது பார்க்கிறவனுக்குத் தேவையே இல்லாத கேள்வி. ஆனாலும் கேட்டேன்.

அருந்ததி அக்கா குசினி வாசலில் நின்றார். "நான்தான் தம்பி தெளிச்சனான். ஆனா ஓவனைச் சீலை போட்டு மூடிப்போட்டுத்தான் தெளிச்சனான். இரண்டாய் மடிச்சுப் போட்டனான்."

"தண்ணி உங்களைக் கேட்டுக்கொண்டே போகும் அக்கா? துடக்கும் போச்சுது, அதோடை ஓவனும் போச்சுது."

சுபாஸ்கரன் அண்ணை சிரித்துவிட்டார். தாய் போன வீட்டில் அந்த மாதம் கேட்ட முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"நான் மூடினனான்" என்று அருந்ததி அக்கா இன்னொருமுறை சொன்னார். இந்தமுறை சத்தம் குறைவு. சிவகௌரி அக்கா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையைக் கண்டும் நான் சாமான்களை அடுக்கினேன். பழைய போட்டைப் பையில் போட்டுக்கொண்டு, புதுசு பிரான்சிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சுன்னாகத்துக்கு ஓடினேன். இறைச்சி பழுதாகவில்லை. முதலாளி கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

போட் வந்து சேர ஏழு கிழமை பிடித்தது. சிவகௌரி அக்கா போன் எடுத்து அதைச் சொன்னபோது, அருந்ததி அக்காவின் கதையையும் சேர்த்துச் சொன்னார்.

"மச்சாள் இப்ப இஞ்சை இல்லைத் தம்பி. உடுப்பிட்டியிலை சின்னம்மா வீட்டுக்குப் போட்டா. எங்களுக்குச் சரிவரேல்லை. ஓவன் பழுதானது எனக்குப் பெரிசில்லை. பிழை விட்டா விட்டனான் எண்டு சொல்ல வேணும். மூடினனான், மூடினனான் எண்டு பொய்யைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா, ஒரு குசினிக்குள்ளை இரண்டு பேர் எப்பிடி நிக்கிறது?"

ஊர் உலகத்தில் நடக்கிற மச்சாள் சண்டைதானே என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அவ்வளவுதான் நினைத்தேன்.

புதுப் போட்டைப் பூட்டி, நூற்றெண்பதில் வைத்து ஓடவிட்டேன். சிவகௌரி அக்கா தேத்தண்ணி தந்துவிட்டு, ஓடர் கொடுக்க வந்தவர்களோடு முன்விறாந்தையில் கதைத்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி குடித்துக் கோப்பையைக் கழுவி வைத்தேன். இருபத்துமூன்றாம் நிமிடம் ஓவன் கீச்சென்றது. E3.

ஓடிப்போய் அது கத்துகிற சத்தத்தை நிற்பாட்டினேன். ஓவனை மெதுவாக முன்னுக்கு இழுத்துப் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஏழு ஸ்குரூ வெள்ளை. ஒன்று கறுப்பு. தகட்டைக் கழற்றினேன். அந்தக் கறுப்பு ஸ்குரூ நின்ற இடத்தில், தகட்டின் விளிம்பில், சென்சருக்குப் போகிற வயர் நசிந்து கிடந்தது. மற்றவற்றைவிட என்னுடைய ஸ்குரூ ஒரு நூல் அளவு நீளம் கூட. ஆறிக் கிடக்கும்போது வயரின் உறை இன்னும் தாங்குகிறது. சூடேறித் தகடு விரிந்ததும் ஸ்குரூவின் நுனி உறைக்குள்ளால் போய்ச் செம்பைத் தொடுகிறது. மோட்டர் மாற்றிய அன்றிலிருந்தே அது அங்கே இருந்திருக்கிறது. துடக்கு மாதத்தில் ஒருவரும் ஓவனை மூட்டவில்லை, ஆகையால் ஒருவருக்கும் தெரியவில்லை. மஞ்சள் தண்ணி தெளித்து இரண்டாம் நாள் மூட்டினார்கள், தெரிந்தது.

வயரை வெட்டி இணைத்து, சூடு தாங்கும் உறை போட்டு, வேறு பக்கத்தால் கொண்டுபோய்க் கட்டினேன். பத்து நிமிட வேலை. கறுப்பு ஸ்குரூவைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து சிவகௌரி அக்கா உள்ளே வந்தார்.

"என்ன தம்பி, பின்னுக்கும் ஏதும் பழுதே?"

சொல்லியிருக்கலாம். மனுசி எனக்கு முன்னால் நிற்கிறார், வேறு ஒருவரும் இல்லை, வாயைத் திறந்தால் முடிந்தது.

"இல்லை அக்கா, ஒரு செற்றிங் மாத்தக் கிடந்தது. இனிப் பிரச்சினை இல்லை."

ஓவன் ஒரு மணித்தியாலம் ஒரு சத்தமும் இல்லாமல் ஓடியது. சிவகௌரி அக்கா அதே சூட்டில் ஒரு வெண்ணெய்க் கேக் போட்டு, பாதியைக் கடதாசியில் சுற்றி என் கையில் தந்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் செய்தவனுக்குக் கேக்கும் கிடைத்தது.

வீட்டில் என் மனைவி மேர்சி அதை வெட்டினாள். "நல்ல பஞ்சு மாதிரி இருக்கு. நீர் ஏன் தின்னேல்லை?"

"வயிறு சரியில்லை."

"கேக்குக்கு வயிறு சரியில்லாத ஆள் நீரில்லையே" என்று சொல்லிவிட்டு என் பங்கையும் தானே தின்றாள்.

அடுத்த நாள் கடையைத் திறந்ததும் பழைய போட்டை மேசையில் வைத்து, சென்சருக்குப் பதிலாக ஆயிரத்து நூறு ஓம் ரெசிஸ்ரர் ஒன்றைப் பூட்டி, மின்சாரம் கொடுத்தேன். திரை வெளிச்சமாகி அறைச் சூட்டைச் சரியாகக் காட்டியது. நாள் முழுக்க ஓடவிட்டேன். ஒரு குறையும் இல்லை. அந்த மஞ்சளை நகத்தால் சுரண்டினேன். கல்லு மாதிரி இறுகியிருந்தது. பெரிய கொண்டென்சர்கள் ஆடாமல் இருக்கக் கொம்பனியில் ஊற்றுகிற பசை. இதுவரைக்கும் நூறு போட்டிலாவது பார்த்திருப்பேன். அன்று குசினியில் நின்றபோது அது பசை என்று எனக்குத் தெரியாதா? தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. ஒரு செக்கன் தெரிந்தது. அதற்குள் மஞ்சள் தண்ணி வந்துவிட்டது, எனக்கும் அது வசதியாகப் போய்விட்டது. அவர்களுடைய சடங்கு, அவர்களுடைய மஞ்சள், பழுதும் அவர்களுடையதாகவே இருக்கட்டுமே என்று உள்ளுக்குள் ஒரு கள்ளன் சொன்னான்.

அந்தக் கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அங்கேயும் கெட்டித்தனம் காட்டினேன். "வேலையிலை கவனயீனமா இருந்திட்டன் சுவாமி. பிறகு அதை மறைச்சு ஒரு பொய்யும் சொன்னனான்" என்றேன். ஒரு வயர் நசிந்த கதையைச் சொன்னேன். அதற்காக ஒரு மனுசி வீட்டைவிட்டுப் போன கதையைச் சொல்லவில்லை. சுவாமியார் பாவம், மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொல்லி விட்டுவிட்டார். மோட்டார்சைக்கிளை உதைக்கும் வரைக்கும் பாரம் இறங்கின மாதிரித்தான் இருந்தது. கடற்கரை வீதிக்குத் திரும்பியதும் பழையபடி ஏறிக்கொண்டது. கடவுளிடமே பாதிக் கணக்குக் காட்டுகிறவன் நான் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். சுபாஸ்கரன் அண்ணை போன் எடுத்தார். "லெனாட், ஓடர் கூடிப்போச்சு. மச்சான் இன்னொரு ஓவன் அனுப்பிறாராம். அதுக்குத் தனி வயர் இழுத்து ஒரு பிளக் போட வேணும். ஒருக்கால் வாரும்."

போனேன். எந்த அறைக்குள் பிளக் என்று கேட்டேன். அவர் கதவைத் திறந்துவிட்டார். அது அருந்ததி அக்காவின் அறை.

கட்டிலைக் கழற்றிச் சுவரோடு நிமிர்த்தி வைத்திருந்தார்கள். உடுப்புகளை இரண்டு காட்போட் பெட்டிக்குள் போட்டுக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். சுவரில் ஒரு முருகன் படம் மட்டும் மிச்சம். நான் வேலையைத் தொடங்கினேன். பிரதான பெட்டியிலிருந்து வயர் இழுத்து, சுவரில் துளை போட்டு, பிளக்குக்குப் பெட்டி பதித்தேன். கை தன்பாட்டில் வேலை செய்தது. முடிக்கிற நேரம், மேல் தட்டில் கிடந்த ஒரு பையைச் சுபாஸ்கரன் அண்ணை எடுத்துப் பெட்டியில் போடப் போனார். பைக்குள்ளிருந்து ஒரு பழைய நூல்சீலை நழுவி என் காலடியில் விழுந்தது.

எடுத்து விரித்தேன். இரண்டாக மடித்த சீலை. மேல் மடிப்பு முழுக்க மஞ்சள் பொட்டுப் பொட்டாகக் காய்ந்திருந்தது. உள்மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு மஞ்சள் இல்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது.

"அக்கா உதைத் தோய்க்க விடேல்லை" என்றார் சுபாஸ்கரன் அண்ணை, எங்கோ பார்த்துக்கொண்டு. "போறதுக்கு முதல்நாள் எங்களுக்குக் காட்டவெண்டு கொண்டுவந்தவ. இவ பாக்கேல்லை. நானும் பாக்கேல்லை. மெக்கானிக் சொல்லிப்போட்டார், இனி என்ன பாக்கக் கிடக்கெண்டு சொல்லிப்போட்டன்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. மெக்கானிக் சொல்லிப்போட்டார் என்ற சொல் கன்னத்தில் அறைந்தது.

"அண்ணை, சிவகௌரி அக்காவையும் ஒருக்கால் கூப்பிடுங்கோ."

சிவகௌரி அக்கா கையில் ஐசிங்கோடு வந்து நின்றார். நான் பேர்ஸைத் திறந்து கறுப்பு ஸ்குரூவை எடுத்தேன். அதை எறியவும் மனமில்லாமல் இவ்வளவு நாளும் கொண்டு திரிந்தேன். உள்ளங்கையில் வைத்துக் காட்டி, மோட்டர் மாற்றிய நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தேடப் பஞ்சிப்பட்டதைச் சொன்னேன். நசிந்த வயரைச் சொன்னேன். பழைய போட் என் கடையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறதென்று சொன்னேன். செற்றிங் என்று சொன்னது பச்சைப் பொய் என்றேன்.

"அப்ப அந்த மஞ்சள்?" என்று கேட்டார் சுபாஸ்கரன் அண்ணை.

"கொம்பனிப் பசை அண்ணை. எல்லாப் போட்டிலும் கிடக்கிறது."

"அண்டைக்கு உமக்கு அது தெரியாதே?"

"வடிவாப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். நான் பாக்கேல்லை. பாக்க விரும்பேல்லை."

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். அவர் அந்தச் சீலையையே பார்த்துக்கொண்டு நின்றார். சிவகௌரி அக்கா ஐசிங் கையோடு நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். "நான் அவவைப் பொய் சொல்லுற கள்ளி எண்டனான்" என்றார். "தாய் செத்து இரண்டு மாசத்துக்குள்ளை, அவவின்ரை வீட்டிலை வைச்சு, கள்ளி எண்டனான்."

சுபாஸ்கரன் அண்ணை போனை எடுத்து உடுப்பிட்டிக்கு அடித்தார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"அக்கா, ஓவன் பழுதானது உங்களாலை இல்லையாம்."



"ஆர் சொன்னது?"

"லெனாட். இஞ்சைதான் நிக்கிறார். தான்தான் பிழை விட்டதாம். வயர் நசிஞ்சதாம்."

"மீற்றர் வைச்சுப் பாத்தே சொன்னவர்?"

"ஓம் அக்கா."

"அப்ப நம்புவியள்."

கோபமாகச் சொல்லவில்லை. தம்பியைத் தெரிந்த தமக்கை சொல்கிற மாதிரித்தான் சொன்னார். சுபாஸ்கரன் அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். சிவகௌரி அக்கா நிலத்தில் இருந்தபடியே, "மச்சாள், வாங்கோ மச்சாள்" என்றார்.

"அந்தத் தம்பியிட்டைப் போனைக் குடு."

வாங்கிக் காதில் வைத்தேன். மன்னிப்புக் கேட்க எவ்வளவோ சொல் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றுக்கும் இடம் இருக்கவில்லை.

"தம்பி, அண்டைக்கு நான் மூடினனான் எண்டு சொன்னது உமக்குக் கேட்டதே?"

"கேட்டது அக்கா."

"இரண்டு தரம் சொன்னனான்."

"இரண்டு தரமும் கேட்டது."

பெருமூச்சு ஒன்று கேட்டது. "அது காணும். எனக்குத்தான் வாயிலை சத்தம் வரேல்லையோ எண்டு இவ்வளவு நாளும் யோசிச்சுக்கொண்டிருந்தனான்."

போன் நின்றுவிட்டது. வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சிவகௌரி அக்கா எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பெட்டிகளின் கயிற்றை அறுத்து, உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கத் தொடங்கினார். சுபாஸ்கரன் அண்ணை கட்டில் சட்டத்தை இறக்கினார். நான் மெயின் சுவிச்சை நிற்பாட்டிவிட்டு, அந்த அறைக்கு இழுத்த வயரைக் கழற்றத் தொடங்கினேன்.